ரத்தான பிறகும் கைது செய்த 66-ஏ

புதுதில்லி: ஒரு சட்டப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் கூறி அதை ரத்து செய்துவிட்டால், அன்றோடு அது ஒழிந்தது என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். மறுநாள் நாளேடுகளில் தலைப்புச் செய்தி வருகிறது. தலையங்கங்கள் தீர்ப்பை வரவேற்கின்றன. வழக்குத் தொடுத்தவர்கள் பேட்டியளிக்கிறார்கள். ஆனால், அந்தத் தீர்ப்பு தில்லியிலிருந்து புறப்பட்டு ஒரு மாவட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் காவல்நிலையத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு காலம் பிடிக்கும்?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தால் முழுமையாக ரத்து செய்யப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 5-ஆம் தேதி, அதே உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு புள்ளிவிவரம் வைக்கப்பட்டது. ரத்தான அந்தப் பிரிவின்கீழ் 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் 2021 மார்ச் நிலவரப்படி நிலுவையில் இருந்தன என்பதே அது. தீர்ப்பு வெளியானபோது நிலுவையில் இருந்தவை 229 வழக்குகள் மட்டுமே. தீர்ப்புக்குப் பின்னர் புதிதாகப் பதிவானவையோ 1,307. அதாவது, பிரிவு உயிரோடிருந்த காலத்தில் தேங்கிய வழக்குகளைவிட, அது ரத்தான பிறகு போடப்பட்ட வழக்குகள் ஐந்து மடங்குக்கும் அதிகம்.

2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ரோஹின்டன் நாரிமனே 2021-இல் அந்த அமர்வுக்கும் தலைமை வகித்தார். தாம் எழுதிய தீர்ப்புக்கு நேர்ந்த கதியைக் கேட்டு, இது அதிர்ச்சி அளிக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே கூறினார்.

விவாதமின்றி வந்த பிரிவு

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. மின்னணு வணிகத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட ஏற்பு அளிப்பதே அதன் முதன்மை நோக்கம். அப்போது அதில் 66-ஏ என்ற பிரிவு இல்லை. 2006-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிலைக்குழுவின் பரிசீலனைக்குப் போய், மாற்றங்களுடன் 2008 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. டிசம்பர் 22-ஆம் தேதி மக்களவையில் அமளிக்கிடையே விவாதம் ஏதுமின்றி மசோதா நிறைவேறியது. மறுநாளே மாநிலங்களவையும் அதை ஏற்றது. 2009 அக்டோபர் 27 முதல் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன.

கணினி வழியாகவோ கைபேசி வழியாகவோ "மிகவும் புண்படுத்தும்" தன்மையுள்ள செய்தியையோ, அச்சுறுத்தும் செய்தியையோ அனுப்புவது குற்றம் என்றது 66-ஏ. பொய் என்று தெரிந்தும், எரிச்சலூட்டவோ, இடையூறு செய்யவோ, அவமதிக்கவோ, பகைமை வளர்க்கவோ தொடர்ந்து செய்தி அனுப்புவதும் குற்றம் என்றது. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். பிடியாணை இல்லாமலேயே காவல்துறை கைது செய்யலாம்.

இந்தச் சொற்கள் இந்தியாவில் பிறந்தவை அல்ல. பிரிட்டனின் 1935-ஆம் ஆண்டு அஞ்சலகத் திருத்தச் சட்டம் வரை இவற்றின் வேர் செல்வதாக உச்சநீதிமன்றமே தனது தீர்ப்பில் குறிப்பிட்டுள்ளது. ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் நோக்கில் எழுதப்பட்ட வாசகம், ஒருவர் எழுதுவதை உலகமே படிக்கக்கூடிய ஊடகத்துக்கு அப்படியே பெயர்த்து நடப்பட்டது. குறிப்பிட்ட ஒருவருக்கு அனுப்பும் மிரட்டலுக்கும், அரசியல்வாதியைக் கேலி செய்து பொதுவெளியில் எழுதும் ஒரு வரிக்கும் இடையிலான வேறுபாடு அதில் காணாமல் போனது.

கைதுகளின் ஆண்டு

அந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை 2012-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். மேற்குவங்க முதல்வரையும் ரயில்வே அமைச்சர் மாற்றத்தையும் கேலி செய்த ஒரு படத்தை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பினார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அவருக்கு ரூ.50 ஆயிரம் இழப்பீடு வழங்கவேண்டும் என்று மாநில மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. செப்டம்பரில் கேலிச்சித்திரக்காரர் அசீம் திரிவேதி மும்பையில் கைதானார். அவர்மீது ராஜத்துரோகப் பிரிவும் சேர்த்துப் பாய்ந்தது.

அக்டோபர் இறுதியில் புதுச்சேரியிலும் ஒரு கைது நடந்தது. அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதியதற்காக ஒரு சிறுதொழில் முனைவரை, அமைச்சரின் மகன் அளித்த புகாரின்பேரில் காவல்துறை அதிகாலையில் வீட்டிலிருந்து அழைத்துச்சென்றது. அவரது டுவிட்டர் கணக்கை அந்நேரம் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர் மட்டுமே. கைதுக்குப் பிறகுதான் அவர் எழுதியது நாடெங்கும் படிக்கப்பட்டது.

ஆயினும் நாட்டின் மனசாட்சியை உலுக்கியது நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் நடந்த கைதுதான். சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் மறைவையொட்டி மும்பை முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டதைக் கேள்விக்குள்ளாக்கி இளம்பெண் ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைது செய்யப்பட்டனர். எழுதியவர் மட்டுமல்ல, ஒரு பொத்தானை அழுத்தியவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய மருத்துவமனையையும் ஒரு கும்பல் சூறையாடியது. பின்னர் வழக்கு கைவிடப்பட்டது என்றாலும், சட்டத்தின் சொற்களை எப்படியும் வளைக்கலாம் என்பது அன்று தெளிவாயிற்று.

இதைக் கண்டுதான் ஸ்ரேயா சிங்கால் என்ற மாணவி உச்சநீதிமன்றத்தை அணுகினார். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியுசிஎல்), காமன் காஸ் உள்ளிட்ட அமைப்புகளும் வேறு பலரும் தொடுத்த வழக்குகள் அதனுடன் சேர்க்கப்பட்டன. இதற்கிடையே, மூத்த காவல் அதிகாரியின் முன்னனுமதி இன்றி இப்பிரிவின்கீழ் கைது செய்யக்கூடாது என்று 2013 ஜனவரியில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பியது.

நீதிபதிகளே மாறுபட்டால்?

நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் ஆகியோர் அடங்கிய அமர்வு 2015-இல் அளித்த தீர்ப்பு, கருத்துச் சுதந்திரம் பற்றிய இந்தியத் தீர்ப்புகளில் முன்வரிசையில் வைக்கத்தக்கது. ஒரு விஷயத்தைப் பற்றி விவாதிப்பது, ஒரு நிலைப்பாட்டை ஆதரித்துப் பேசுவது, செயலுக்குத் தூண்டிவிடுவது என்று பேச்சை அது மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவின் பாதுகாப்புக்கு உரியவை. பேச்சு மூன்றாவது படியை எட்டும்போதுதான் சட்டம் தலையிட முடியும் என்பது தீர்ப்பின் சாரம்.

கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தத்தக்க காரணங்கள் அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவில் வரையறுத்துச் சொல்லப்பட்டுள்ளன. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, அவதூறு முதலியவை அதில் உண்டு. எரிச்சலும் இடையூறும் அந்தப் பட்டியலில் இல்லை.

சொற்களின் தெளிவின்மையை விளக்க நீதிமன்றம் பிரிட்டிஷ் வழக்கு ஒன்றை எடுத்துக்காட்டியது. தொலைபேசியில் பேசப்பட்ட அதே சொற்களைக் கீழ்நீதிமன்றங்கள் "மிகவும் புண்படுத்துபவை" அல்ல என்று கூற, பிரபுக்கள் சபை அதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. சட்டம் பயின்ற நீதிபதிகளே ஒரே சான்றுகளை வைத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுக்கு வரக்கூடுமென்றால், ஒரு காவல்நிலைய ஆய்வாளர் அதை எப்படி அளந்து பார்ப்பார்? எழுதப்போகும் குடிமகன்தான் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவான்?

சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று மத்திய அரசு தரப்பில் உறுதியளிக்கப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசுகள் வரும், போகும். சட்டம் மட்டும் அப்படியே இருக்கும். இன்றைய அரசு அளிக்கும் உறுதிமொழி நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது என்பது அது கூறிய காரணம். அதே வேளையில், இணையதளங்களை முடக்க வகைசெய்யும் 69-ஏ பிரிவை அதில் உள்ள நடைமுறைப் பாதுகாப்புகளைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் செல்லும் என்றது. இணையத்துக்கென்று தனிக் குற்றங்களை வகுக்கவே கூடாது என்ற வாதத்தையும் நிராகரித்தது. எனவே இது இணையத்தில் எதையும் எழுதலாம் என்று கூறிய தீர்ப்பு அல்ல. குற்றம் எதுவென்று தெளிவாகச் சொல்லாமல் தண்டிக்காதே என்று கூறிய தீர்ப்பு.

அடிக்குறிப்பில் அடங்கிய தீர்ப்பு

அப்படிப்பட்ட தீர்ப்பு ஏன் ஏட்டுச் சுரைக்காய் ஆனது? விடை மிகச் சாதாரணமான ஓர் இடத்தில் கிடைத்தது. காவல்நிலையங்களிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் இருக்கும் சட்டப் புத்தகத்தில்!

நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று அறிவித்தாலும், சட்டத்தின் ஏட்டிலிருந்து அதை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. நாடாளுமன்றம் நீக்காதவரை, அச்சிடப்படும் ஒவ்வொரு பதிப்பிலும் 66-ஏ முழுமையாக இடம்பெற்றது. அது ரத்தாகிவிட்டது என்ற செய்தி பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் குறிப்பாக இருந்தது. வழக்குப் பதிவு செய்யும் காவல் அதிகாரி பிரிவைப் பார்க்கிறார், அடிக்குறிப்பைப் பார்ப்பதில்லை என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபாலே 2021-இல் உச்சநீதிமன்றத்தில் கூறினார்.

வழக்கறிஞர்கள் அபினவ் சேக்ரி, அபார் குப்தா ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த அவலத்தை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையில் பியுசிஎல் மீண்டும் உச்சநீதிமன்றத்தை அணுகியது. 2019 பிப்ரவரியில், தீர்ப்பின் நகலை எல்லா உயர்நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பவேண்டும் என்றும், காவல்துறைத் தலைவர்கள் வழியாக அது கீழ்மட்டம் வரை செல்லவேண்டும் என்றும் உத்தரவிடப்பட்டது. தீர்ப்பை நடைமுறைப்படுத்த இன்னோர் உத்தரவு! அதுவும் போதவில்லை என்பதையே 2021-இல் வெளியான எண்கள் காட்டின. தீர்ப்புக்குப் பின் பதிவான வழக்குகளில் மகாராஷ்டிரம் 381, ஜார்க்கண்ட் 291, உத்தரப்பிரதேசம் 245 என முன்னணியில் நின்றன. வெவ்வேறு கட்சிகள் மாறிமாறி ஆண்ட மாநிலங்கள் இவை. ஆகவே, இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இது 66-ஏ பிரிவுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஆயுள் தண்டனைக் கைதி கொலை செய்தால் கட்டாயம் மரண தண்டனை என்று கூறிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவை உச்சநீதிமன்றம் 1983-இல் ரத்து செய்தது. ஆனால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2012-இல், அதே பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தூக்கிலிருந்து காப்பாற்ற ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. காவல்துறை, அரசு வழக்கறிஞர், கீழ்நீதிமன்றம் என எல்லோருடைய பார்வையிலும் படாமல் ஒரு ரத்தான பிரிவு ஒரு மனிதனைத் தூக்குமேடையின் அருகே கொண்டு நிறுத்தியது என்றால், சிறிய எழுத்து அடிக்குறிப்பை அற்ப விஷயம் என்று தள்ளமுடியுமா?

விசாரணையே தண்டனை

வழக்கு கடைசியில் நிற்காது என்றால் கவலை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இந்தியாவில் ஒரு குற்றவழக்கு என்றால் என்ன என்பதை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கைதாகி ஒரு நாளில் ஜாமீனில் வந்தாலும், வழக்கறிஞர் கட்டணம், மாதாமாதம் வாய்தா, பறிமுதல் செய்யப்பட்ட கைபேசி, வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போதெல்லாம் குறுக்கே நிற்கும் நிலுவை வழக்கு என அது நீண்டுகொண்டே போகிறது. பேராசிரியர் மகாபாத்ரா கைதானது 2012 ஏப்ரலில். பிரிவு ரத்தானது 2015-இல். அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதோ 2023 ஜனவரியில். ஒரு கேலிப்படத்தை அனுப்பியதற்காக ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள்! பேராசிரியருக்கே இந்த நிலை என்றால், ஊர்ப்பெயர்கூட நாளேட்டில் வராத ஒரு கல்லூரி மாணவரின் கதி என்னவாக இருந்திருக்கும்?

2021 ஜூலையில் நீதிமன்றத்தின் கண்டனத்தைத் தொடர்ந்து, 66-ஏ பிரிவின்கீழ் வழக்குப் பதியக்கூடாது, பதிந்தவற்றைத் திரும்பப் பெறவேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2022 அக்டோபர் 12-ஆம் தேதி தலைமை நீதிபதி யு.யு.லலித் தலைமையிலான அமர்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. எந்தக் குடிமகன் மீதும் இந்தப் பிரிவின்கீழ் வழக்கு நடத்தக்கூடாது, நிலுவையில் உள்ள வழக்குகளில் இப்பிரிவைப் பற்றிய குறிப்பு நீக்கப்படவேண்டும் என்று அது உத்தரவிட்டது. இந்தச் சட்டத்தை அச்சிடும் அரசு வெளியீடானாலும் தனியார் வெளியீடானாலும் 66-ஏ ரத்தாகிவிட்டதை வாசகருக்குப் போதிய அளவில் தெரிவிக்கவேண்டும் என்றும் கூறியது. நாட்டின் உச்சநீதிமன்றம் புத்தகப் பதிப்பாளர்களுக்கும் சேர்த்து உத்தரவிட வேண்டிய நிலை!

இறுதியில் 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் 66-ஏ ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டது. 42 சட்டங்களில் உள்ள 183 விதிகளைத் திருத்திய அந்தச் சட்டத்தில் இது ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத, தீர்ப்பு வந்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகள் ஆயின.

எண் மாறலாம், எண்ணம்?

பிரிவு போய்விட்டது. அதைக் கொண்டுவந்த எண்ணம் போய்விட்டதா என்பது வேறு கேள்வி. 2020 நவம்பரில் கேரள அரசு, இழிவுபடுத்தும் பதிவுகளுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் 118-ஏ பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. 66-ஏ ரத்தான அதே தீர்ப்பில் கேரள காவல்துறைச் சட்டத்தின் 118(டி) பிரிவும் ரத்தாகியிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே 118-ஏ திரும்பப் பெறப்பட்டது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு, தனது நடவடிக்கைகள் பற்றி இணையத்தில் வருவனவற்றைப் "போலி, பொய், தவறாக வழிநடத்துபவை" என்று தானே அடையாளம் காணும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி வகுத்தது. இந்தச் சொற்களுக்குத் தெளிவான வரையறை இல்லை என்பது உள்ளிட்ட காரணங்களால் மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அந்த விதியை ரத்து செய்தது.

தனிமனிதரைக் கைது செய்வதைவிட, பதிவையே நீக்கச்செய்வது எளிது என்பதும் இப்போது உணரப்பட்டுள்ளது. பதிவுகளை நீக்குமாறு நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்ப, மத்திய உள்துறை அமைச்சகம் 2024-இல் "சஹயோக்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 69-ஏ பிரிவில் உள்ள பாதுகாப்புகளைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இது என்று எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. சமூக ஊடகங்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்பது நீதிமன்றத்தின் கருத்து. அடுத்த மாதமே மத்திய அரசு விதிகளைத் திருத்தி, இணைச் செயலாளர் நிலைக்கும், காவல்துறையில் டிஐஜி நிலைக்கும் குறையாத அதிகாரிகளே இத்தகைய அறிவிப்புகளை அனுப்பலாம் என்றது. 2013-ஆம் ஆண்டின் அறிவுரையும் இப்படித்தான் மூத்த அதிகாரியின் அனுமதியைப் பாதுகாப்பாகக் காட்டியது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

பொய்ச் செய்தியாலும் வெறுப்புப் பேச்சாலும் விளையும் கேடு கற்பனை அல்ல. இணையத்தில் மிரட்டப்படும் பெண்களுக்குச் சட்டத்தின் துணை தேவை என்பதிலும் இருவேறு கருத்து இருக்கமுடியாது. அவற்றைத் தண்டிக்க இன்றும் பல பிரிவுகள் உள்ளன. ஆனால், யாருக்கும் எரிச்சல் வராத பேச்சை மட்டுமே அனுமதிப்பது என்றால், அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எதுவுமே பேசமுடியாது.

66-ஏ விவகாரம் கற்றுத்தரும் பாடம் நடைமுறை சார்ந்தது. ஒரு பிரிவு ரத்தானால் அடுத்த கூட்டத்தொடரிலேயே நாடாளுமன்றம் அதை ஏட்டிலிருந்து நீக்க வேண்டும். ரத்தான பிரிவின்கீழ் வழக்குப் பதிந்தவரும், அதை ஏற்று விசாரித்தவரும் அதற்குப் பதில் சொல்லவேண்டும். விவாதமே இல்லாமல் ஒரு பிரிவை இரண்டு நாட்களில் நிறைவேற்ற முடிந்த நாடாளுமன்றத்துக்கு, அதை நீக்க எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டது ஏன் என்று கேட்கவேண்டியவர்கள் வாக்காளர்களே.